இது எந்தப் பிரிவுக்குப் பதில்?

"ஏம்மா, நீ இப்போது அந்த ஆபீசில்தானே இருக்கிறாய்? பெரியவர்கள் யாரிடமாவது சொல்லி அந்த முப்பது ரூபாயை வாங்கிக் கொடுத்துவிடேன்."

2018 ஜூன் மாதம், டெல்லிக்குப் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் இரவு அப்பா போனில் கேட்டது இது. சட்டப் படிப்பில் மூன்றாம் ஆண்டை முடித்திருந்தேன். இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தில், எல்லோரும் டிராய் என்று சொல்லும் அந்த அலுவலகத்தில், ஆறு வார இன்டர்ன்ஷிப் கிடைத்திருந்தது. உறவுக்காரர்களுக்கு அது பெருமை; அப்பாவுக்கோ தீராத ஒரு கணக்கு. அந்த ஆண்டு சித்திரையில் அவருடைய பட்டன் போனில் அவர் கேட்காமலே ஒரு காலர் டியூன் ஏறிக்கொண்டது. பிரீபெய்ட் இருப்பிலிருந்து முப்பது ரூபாய் போய்விட்டது.

அப்பா உரக்கடையில் கணக்கு எழுதுகிறவர். ரீசார்ஜ் செய்வதைக்கூடத் தேதி போட்டு நாற்பது பக்க நோட்டில் குறித்துவைப்பார். அந்த நோட்டில் எதற்கென்று எழுத முடியாமல் நின்ற ஒரே செலவு அந்த முப்பது ரூபாய். பணம் போனதைவிட அதுதான் அவரை உறுத்தியது.

"வாங்கித் தருகிறேன் அப்பா" என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்பது மறுநாளே தெரிந்தது.

அலுவலகம் அப்போது ஜவாஹர்லால் நேரு மார்க்கில், ஜாகிர் உசேன் கல்லூரிக்குப் பக்கத்தில் இருக்கும் மகாநகர் தூர்சஞ்சார் பவனில் இருந்தது. ஆர்.கே. புரத்தில் சித்தி வீட்டில் தங்கி, பஸ்ஸிலும் மெட்ரோவிலுமாகப் போய்வந்தேன். புது டெல்லி நிலையத்தில் இறங்கி நடந்தால் ஜூன் வெயிலில் முகம் காய்ந்துவிடும். ஒரு ஒழுங்குமுறை ஆணையம் என்றால் சுவரெல்லாம் திரைகள் இருக்கும், எந்தக் கோபுரத்தில் அலைவரிசை குறைகிறது என்று யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று கற்பனை செய்து போயிருந்தேன். அங்கே இருந்தது காகிதம். கோப்புகள், அச்சடித்த கருத்துகள், மஞ்சள் ஒட்டுத்தாள்கள்.

எனக்கு வழிகாட்டியாக இருந்த அதிகாரி தெலுங்குக்காரர். அவரிடம் அப்பாவின் முப்பது ரூபாயைப் பற்றித் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. ஆணையத்தை உருவாக்கிய 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரதி ஒன்றை எடுத்துக் கொடுத்து, "இதில் தனிநபர் புகாரைத் தீர்க்கும் அதிகாரம் எங்கே இருக்கிறது என்று தேடிக் கொண்டுவா" என்றார். அன்று மாலை வரை தேடினேன். இல்லை.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மில் பெரும்பாலோருக்கு இந்த அலுவலகம் என்ன செய்கிறது என்பதே தெரியாது. தொண்ணூறுகளில் தனியார் நிறுவனங்கள் தொலைபேசிச் சேவைக்குள் வந்தன. அதுவரை அரசே சேவை கொடுத்தது, அரசே விதியும் வகுத்தது. ஆட்டத்தில் ஆடுகிறவரே நடுவராக இருக்க முடியாது என்பதால் 1997 பிப்ரவரியில் இந்த ஆணையம் வந்தது. 2000-ல் சட்டத்தைத் திருத்தி, நிறுவனங்களுக்கு இடையிலான வழக்குகளைத் தீர்க்கும் வேலையை அதனிடமிருந்து பிரித்து டிடிசாட் என்ற தீர்ப்பாயத்திடம் கொடுத்தார்கள். 2004 ஜனவரியில் கேபிளும் ஒளிபரப்பும் ஆணையத்தின் கீழ் வந்தன. மிஞ்சிய வேலை விதி வகுப்பது, கட்டணத்தை ஒழுங்குபடுத்துவது, சேவையின் தரத்தை அளப்பது, அரசுக்குப் பரிந்துரை செய்வது. நாட்டில் 100 கோடிக்கும் மேற்பட்ட இணைப்புகள். ஒவ்வொருவரின் முப்பது ரூபாயையும் ஒரே அலுவலகத்தில் உட்கார்ந்து தீர்க்க முடியாது. அதனால் நிறுவனத்திலேயே முதலில் புகார், அதற்கு ஒரு எண், தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரி என்று இரண்டு படிகளை விதியாக வைத்திருக்கிறார்கள்.

நியாயமான ஏற்பாடுதான். ஆனால் அந்த இரண்டு படிகளுக்கு அப்பால் என்ன என்று அப்பா கேட்டபோது என்னிடம் நல்ல பதில் இல்லை. நுகர்வோர் மன்றம் என்று சொல்லலாம். ஆனால் 2009-ல் உச்ச நீதிமன்றம், தொலைபேசிக் கட்டணத் தகராறுக்கு 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்திலேயே தனி வழி இருப்பதால் நுகர்வோர் மன்றம் அதைக் கேட்க முடியாது என்று தீர்ப்பளித்திருந்தது. தந்தி அனுப்பும் சேவையே 2013 ஜூலையில் நின்றுபோனது. அந்தத் தந்தியின் பெயரிலிருந்த சட்டத்தைக் காட்டி ஒரு செல்போன் சந்தாதாரரைத் திருப்பி அனுப்ப முடியும் என்ற நிலை எனக்கு அன்று தாங்க முடியாததாக இருந்தது. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே அந்தப் பார்வை சரியல்ல, நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம் என்று சொன்ன நாளில் அப்பாவுக்குத்தான் முதலில் போன் செய்தேன்.

சட்டப் பிரதியில் தேடி ஏமாந்த அந்த 2018 இரவில் அப்பாவுக்கு இரண்டு விஷயங்களைச் சொன்னேன். இப்படிப்பட்ட கூடுதல் சேவையைத் தொடங்குவதற்கு முன் வாடிக்கையாளரிடம் இரண்டு முறை சம்மதம் கேட்க வேண்டும் என்று 2013-லேயே ஆணையம் உத்தரவிட்டிருக்கிறது என்பது ஒன்று. வேண்டாத சேவையை நிறுத்த 155223 என்ற எண் இருக்கிறது என்பது இன்னொன்று. எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டார். "இரண்டு முறை கேட்டார்களா என்று யார் பார்ப்பது?" என்று கேட்டார். அதற்கும் அன்று பதில் சொல்ல முடியவில்லை.

எனக்குக் கொடுத்த வேலை அட்டவணை போடுவது. அந்த ஆண்டு மே 29 அன்று, வேண்டாத விளம்பர அழைப்புகளையும் குறுஞ்செய்திகளையும் கட்டுப்படுத்தும் புதிய விதிமுறைகளின் வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டிருந்தார்கள். வந்த கருத்துகள் அனைத்தும் ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் படிக்கலாம் என்று போடப்பட்டவை. உள் விவகாரம் எதையும் நான் இங்கே எழுதவில்லை. அவற்றைப் படித்து, வரைவின் எந்தப் பிரிவு, யார் சொன்னது, என்ன மாற்றம் கேட்கிறார், என்ன காரணம் சொல்கிறார் என்று நான்கு கட்டங்களில் நிரப்ப வேண்டும்.

முதல் இரண்டு நாட்கள் அது எழுத்தர் வேலையாகத் தோன்றியது. நிறுவனங்களின் கருத்துகள் சட்ட அலுவலகங்களில் எழுதப்பட்டவை. பிரிவு எண், துணைப்பிரிவு எண், மாற்று வாசகம், அதற்கான காரணம் என எல்லாம் வரிசையாக இருக்கும். என் அட்டவணையில் அவை தாமாகவே போய் உட்கார்ந்துகொண்டன. பொதுமக்களின் கருத்துகள் அப்படி இல்லை. "தயவுசெய்து இதை நிறுத்துங்கள்." "ஒரு நாளைக்குப் பத்து அழைப்பு வருகிறது." "இந்த நாட்டில் கேட்க ஆள் இல்லை." இவற்றை எந்தக் கட்டத்தில் போடுவது? "பொது" என்று தனியாக ஒரு தலைப்பு வைத்து எல்லாவற்றையும் அதன் கீழ் சேர்த்தேன்.

அந்தத் தலைப்பின் கீழ் ஒரு செவிலியரின் நான்கு வரிக் கருத்தும் இருந்தது. இரவுப் பணி முடித்துக் காலையில் வந்து படுக்கிறவர். கடன் வேண்டுமா என்று கேட்கும் அழைப்புகள் சரியாக அந்த நேரத்தில்தான் வருகின்றன. மருத்துவமனையிலிருந்து அவசர அழைப்பு வரலாம் என்பதால் போனை அணைத்துவைக்கவும் முடியாது என்று எழுதியிருந்தார். அட்டவணையைப் பார்த்துக்கொண்டே வந்த அதிகாரி அந்த இடத்தில் நின்றார்.

"இது எந்தப் பிரிவுக்குப் பதில்?"

"எந்தப் பிரிவையும் அவர் குறிப்பிடவில்லை, மேடம். பொதுவான புகார்."

"அவர் குறிப்பிடவில்லை. நீ வரைவைப் படித்தவள்தானே? மறுபடி படி."

மறுபடி படித்தேன். வாடிக்கையாளர் எந்த வகை விளம்பரம் வேண்டும், வேண்டாம் என்று தேர்ந்தெடுப்பதோடு, எந்த நேரத்தில், எந்தக் கிழமையில் வரலாம் என்பதையும் அவரே தேர்ந்தெடுக்கலாம் என்று வரைவில் ஓர் ஏற்பாடு இருந்தது. விளம்பரம் பகலில்தான் வர வேண்டும் என்பது ஊருக்கெல்லாம் பொதுவான நல்ல விதி. அது அந்தச் செவிலியருக்கு மட்டும் பொருந்தாது, ஏனென்றால் பகல்தான் அவருடைய இரவு. பக்கம் பக்கமாக வந்த மற்ற ஆவணங்களில் நான் பார்த்தவரை யாரும் சொல்லாத ஒரு காரணத்தை அந்த நான்கு வரி சொல்லியிருந்தது. அதைப் "பொது"விலிருந்து எடுத்து உரிய பிரிவின் கீழ் எழுதினேன். அதற்குப் பிறகு அந்தத் தலைப்பின் கீழ் இருந்த ஒவ்வொன்றையும் எடுத்துத் திரும்பப் படித்தேன். முழுதாக நான்கு நாள் ஆனது. என் ஆறு வாரங்களில் உருப்படியான நான்கு நாட்கள் அவைதான்.

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று எனக்குப் புரியவைக்க அதிகாரி ஒரு தீர்ப்பைப் படிக்கக் கொடுத்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு துண்டிக்கப்பட்டால் ஒரு துண்டிப்புக்கு ஒரு ரூபாய், நாளொன்றுக்கு அதிகபட்சம் மூன்று ரூபாய் வாடிக்கையாளருக்குத் திருப்பித் தர வேண்டும் என்று 2015 அக்டோபரில் ஆணையம் ஒரு விதி வகுத்தது. 2016 ஜனவரி 1 முதல் நடைமுறை என்று அறிவித்தார்கள். எங்கள் ஊர் டீக்கடையில் அப்பா அதை நாளிதழில் படித்துவிட்டு வந்து சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2016 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது.

கல்லூரியில் நான் இந்தத் தீர்ப்பை, மக்கள் பக்கம் போன ஒரு விதியை நிறுவனங்கள் வீழ்த்திவிட்ட கதையாகப் புரிந்துவைத்திருந்தேன். முழுதாகப் படித்தபோது வேறொன்று தெரிந்தது. துண்டிப்புகள் எல்லாமே நிறுவனத்தின் குற்றத்தால் நடப்பவை அல்ல என்று ஆணையத்தின் ஆவணங்களே சொல்லியிருந்தன. அப்படியிருக்க எல்லாவற்றுக்கும் நிறுவனமே பணம் கொடுக்க வேண்டும் என்பதற்கு விதியில் காரணம் காட்டப்படவில்லை. ஆணையம் தன் வேலையை வெளிப்படையாகச் செய்ய வேண்டும் என்று அதன் சட்டத்தின் 11-ஆம் பிரிவு சொல்கிறது. கருத்துகளைக் கேட்டால் மட்டும் போதாது, அவற்றை ஏன் ஏற்றோம், ஏன் மறுத்தோம் என்று சொல்லவும் வேண்டும் என்பதே அந்த வெளிப்படைத்தன்மைக்கு நீதிமன்றம் கொடுத்த பொருள். விதிகள் வகுக்கும் எல்லா அமைப்புகளுக்கும் இப்படி ஒரு நடைமுறையைச் சட்டமாகவே கொண்டுவரலாம் என்று நாடாளுமன்றத்துக்கும் ஒரு யோசனை சொல்லியிருந்தது.

அப்பாவுக்கு வரவேண்டிய ஒரு ரூபாய் நோக்கம் கெட்டுப்போனதால் நின்றுவிடவில்லை, காரணம் எழுதப்படாததால் நின்றுவிட்டது. அதைப் படித்து முடித்த பிறகு என் நான்கு கட்ட அட்டவணையில் கடைசிக் கட்டத்தை ஒரு நாளும் அவசரமாக நிரப்பவில்லை.

எல்லா இணையதளங்களையும் நிறுவனங்கள் சமமாக நடத்த வேண்டும் என்று பேசிய இணைய சமநிலை நாட்களையும் இதனோடு சேர்த்துத்தான் இப்போது நினைத்துக்கொள்கிறேன். 2015 மார்ச்சில் அதைப் பற்றிக் கருத்துக் கேட்டு ஆணையம் வெளியிட்ட அறிக்கை 118 பக்கம், 20 கேள்வி. சாதாரண மனிதர் திறந்து பார்க்கும் ஆவணமல்ல அது. ஆனாலும் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் போயின. நானும் அப்போது பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடித்த கையோடு, யாரோ தயாரித்துக் கொடுத்த வாசகத்தை அப்படியே அனுப்பினேன். அந்த ஆண்டு டிசம்பரில் கட்டணப் பாகுபாடு பற்றி இரண்டாவது அறிக்கை வந்தபோது நான்கே கேள்விகள்தான். சில தளங்களை மட்டும் இலவசமாகத் தரும் தன் திட்டத்துக்கு ஆதரவாக ஃபேஸ்புக் தன் பயனர்கள் மூலம் லட்சக்கணக்கில் ஒரே வாசகத்தை அனுப்பவைத்தது. இவை நாங்கள் கேட்ட நான்கு கேள்விகளுக்குப் பதிலே சொல்லவில்லையே என்று ஆணையம் திருப்பி எழுதியது. 2016 பிப்ரவரி 8 அன்று, ஒரே இணையத்துக்குள் தளத்துக்குத் தளம் வெவ்வேறு கட்டணம் வைக்கக் கூடாது என்ற விதி வந்தது. எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்திருந்தால் விதி எந்தப் பக்கம் போயிருக்கும் என்று யோசித்தால் இன்றும் எனக்குப் பதற்றமாக இருக்கிறது.

ஜூலை 19 அன்று விளம்பர அழைப்புகள் பற்றிய விதிமுறைகள் இறுதி வடிவில் வெளிவந்தன. நேரத்தையும் கிழமையையும் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு அதில் இருந்தது. அதைவிடப் பெரிய மாற்றம், வணிகச் செய்தி அனுப்பும் ஒவ்வொருவரும் தங்கள் பெயரையும் செய்தியின் வார்ப்பையும், அதாவது மாதிரி வாசகத்தையும், வாடிக்கையாளரின் சம்மதத்தையும் ஒரு பொதுவான மின்பேரேட்டில் பதிய வேண்டும் என்பது. அந்தத் தொழில்நுட்பத்தை விளக்கும் கட்டுரைகளைப் படித்து எனக்கே பாதிதான் புரிந்திருந்தது. அன்றிரவு போனில் அப்பாவிடம் என் வழியில் சொன்னேன்: "ஒரே பேரேடு, எல்லா நிறுவனங்களிடமும் ஒரே மாதிரிப் பிரதி. ஒருவர் தன் பிரதியில் மட்டும் ஒரு வரியை அடிக்கவோ திருத்தவோ முடியாது. மற்றவர்கள் பிரதி காட்டிக்கொடுத்துவிடும்."

அப்பா உடனே பிடித்துக்கொண்டார். "அப்படியானால் நான் சம்மதம் கொடுத்தேனா இல்லையா என்பது அந்தப் பேரேட்டில் இருக்கும். நீ அன்றைக்குச் சொல்லாத பதில் இதுதானே?"

காலர் டியூன் வேறு விஷயம், விளம்பரச் செய்தி வேறு விஷயம் என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் கேள்வியின் அடிப்படை ஒன்றே என்பதால் "ஆமாம் அப்பா" என்றேன்.

அந்தப் பேரேடு எளிதில் நடைமுறைக்கு வந்துவிடவில்லை. 2021 மார்ச் 8 அன்று பதிவில்லாத செய்திகளை வடிகட்டத் தொடங்கியபோது, வார்ப்பைப் பதியாமல் விட்டிருந்தவர்களின் ஓடிபி எல்லாம் நின்று, வங்கிப் பரிவர்த்தனையிலிருந்து தடுப்பூசிப் பதிவு வரை தடுமாறின. மறுநாளே ஏழு நாட்களுக்கு நிறுத்திவைத்தார்கள். விதி வந்து இரண்டரை ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அவ்வளவு காலம் கையில் இருந்தும் பதிவு செய்யாமல் விட்டவர்கள் மீது எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. 2025 பிப்ரவரியில் ஒரு திருத்தம் வந்தது. இப்போது குறுஞ்செய்தி அனுப்புகிறவரின் பெயர் முடியும் இடத்தில் இருக்கும் ஆங்கில எழுத்தைக் கவனியுங்கள்: பி என்றால் விளம்பரம், எஸ் என்றால் சேவை, டி என்றால் பரிவர்த்தனை, ஜி என்றால் அரசு. தொந்தரவு அழைப்பைப் பற்றி 1909 என்ற எண்ணுக்குப் புகார் கொடுக்க முன்பு மூன்று நாள்தான் அவகாசம். அதை ஏழு நாளாக்கியதும் அதே திருத்தம்தான்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு விஷயம் அன்றும் இன்றும் என்னை அரிக்கிறது. நான் அட்டவணை போட்ட கருத்துகளில் தமிழில் எழுதப்பட்ட ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. கேள்வி ஆங்கிலத்தில் இருந்தால் பதிலும் ஆங்கிலத்தில்தான் வரும். 118 பக்கத்தை மொழிபெயர்க்க நாளாகும் என்பது தெரியும். கேள்விகளையாவது மொழிபெயர்க்கலாம், நான்கு கேள்வி ஒரு பக்கம்கூட வராது. அந்த ஒரு பக்கம் தமிழில் வந்தால் எங்கள் ஊர் உரக்கடையில், பஸ் ஸ்டாண்டில், மருத்துவமனை ஓய்வறையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் "பொது" என்ற தலைப்புக்குள் அடங்காத பதில்களைத் தருவார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஏனென்றால் ஒருவர் தந்ததைப் பார்த்திருக்கிறேன்.

2019 பிப்ரவரி முதல் கேபிள் கட்டணம் புதிய முறைக்கு மாறியது நினைவிருக்கும். 100 சேனல்களுக்கு 130 ரூபாய், வரியோடு 153 ரூபாய் 40 காசு, அதற்கு மேல் கட்டணச் சேனல்கள் தனி. 2011-ல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்ததைப் பார்த்த வீடுகளில் இது பெரிய பேச்சானது. ஆகஸ்டில் ஆணையம் அதைப் பற்றிக் கருத்துக் கேட்டு அறிக்கை வெளியிட்டது. நான் அப்போது ஊரில் இருந்தேன்; இன்டர்ன்ஷிப் முடிந்து ஓராண்டு ஆகியிருந்தது. கேள்விகளை மட்டும் தமிழில் எழுதி அப்பாவிடம் கொடுத்தேன். ஒரு வாரம் வைத்திருந்தார். கேபிள்காரரிடம் சேனல் பட்டியலை வாங்கி, எண்ணி, நோட்டில் வரிசை போட்டார்.

எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதவில்லை, ஒன்றே ஒன்றுக்குத்தான் எழுதினார். கட்டாயமாகக் கொடுக்க வேண்டிய தூர்தர்ஷன் சேனல்கள் அந்த 100-க்குள் அடங்க வேண்டுமா, அதற்கு மேல் இருக்க வேண்டுமா என்று அறிக்கை கேட்டிருந்தது. "100 என்று சொல்லி என்னைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறீர்கள். இருபதுக்கும் மேல் நான் தேர்ந்தெடுக்காதவை அதில் முன்பே இருக்கின்றன. கட்டாயம் என்றால் அவை வரட்டும். ஆனால் நான் தேர்ந்தெடுத்த கணக்கில் அவற்றை எழுதாதீர்கள்." இவ்வளவுதான். ஆங்கிலத்தில் மாற்றி, மேலே கேள்வி எண்ணைப் போட்டு, அவர் பெயரிலேயே அனுப்பினேன்.

2020 ஜனவரி 1 அன்று திருத்தம் வந்தது. கட்டாயச் சேனல்களை அந்த எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது என்று அதில் இருந்தது. பல தரப்பும் சொல்லியிருப்பார்கள். அப்பா எழுதியதால் வந்தது என்று நான் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. கருத்து அனுப்பியவர்களின் பட்டியலில் தனிநபர்கள் என்ற தலைப்பின் கீழ் அவர் பெயர் இருந்ததைக் காட்டினேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மேலும் கீழும் இருந்த பெயர்களையும் படித்தார். பிறகு அந்தப் பக்கத்தை அச்செடுத்துத் தரச் சொன்னார். முப்பது ரூபாய் எழுதியிருந்த அதே நோட்டில், அந்த வரி இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறார்.